ஒரு சொட்டு ஒழுகாத வண்டி

உதவி மேலாளரின் இருபத்தாறு வருடப் பழைய காரிலிருந்து கசிந்த எஞ்சின் ஆயில், காருக்கடியில் விழாமல், இரண்டாவது மாடியில் அவருடைய நாற்காலிக்கடியில் விழத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. முதலில் மிளகளவு, மதியத்துக்குள் சாப்பாட்டுத் தட்டளவு. அந்தக் காரைப் பற்றி அவர் பதினைந்து வருடமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிவந்தார்: "நம்ம வண்டி ஒரு சொட்டு ஒழுகாது." புதுக் கார் வாங்கியவர்களை நிறுத்திவைத்து, குனிந்து தரையைப் பார்க்கச் சொல்வார். அவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். தரை இப்போதும் துடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

மெக்கானிக் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். நுனியில்கூட ஆயில் இல்லை. "சார், உள்ள சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸை இறக்கணும். நாலு நாள் வண்டி இங்க நிக்கட்டும்."

"கீழ ஒரு சொட்டு காட்டுய்யா பார்ப்போம்."

"அது இல்லாததுதான் சார் பயமா இருக்கு. இப்படியே ஓட்டினா எஞ்சின் பிடிச்சுக்கும்."

நாலு நாள் பஸ்ஸில் வந்தால் ஏன் என்று நாற்பது பேர் கேட்பார்கள். மேலாளர் ஓய்வுபெற மூன்றே வாரம்; அந்த அறை யாருக்கு என்று தலைமையகம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆயிலை மட்டும் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தார். ஊற்றியது அத்தனையும் நாற்காலிக்கடியில் வந்து சேர்ந்தது.

அதன்பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் கறை தெரியும். இரண்டு ஷூவையும் அதன்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். டீக்குப் போகவில்லை. மேலாளர் வந்தபோதும் எழவில்லை. மேலாளருக்கே எழாதவர் என்றால் மேலிடத்துச் சேதி ஏதோ வந்திருக்கிறது என்று அலுவலகம் முடிவுகட்டி, அவருக்கு வணக்கம் வைக்கத் தொடங்கியது. தலைமையகத்து இயக்குநர் வந்தார், அவருக்கும் எழவில்லை. இப்படியொரு தலைமைப் பண்பைத் தான் கண்டதில்லை என்று இயக்குநர் எழுதியனுப்ப, பத்து நாளில் பதவி உயர்வு வந்தது.

"மேனேஜர் ஆயிட்டீங்க. ஏங்க மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் மனைவி. மேலாளர் அறையில் வெள்ளைக் கம்பளம் விரித்திருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது?

பொறுப்பை ஒப்படைத்த அன்று பழைய மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, தன் நாற்காலியை மெதுவாக நகர்த்தினார். அதனடியில் கம்பளம் வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. அந்த ஓட்டையில் கனகச்சிதமாக ஓர் அலுமினியத் தட்டு.

"என் வண்டியும் ஒரு சொட்டு ஒழுகாது," என்றார் அவர்.

இப்போது தினமும் ஐந்து மணிக்குத் துப்புரவு செய்யும் அம்மா அந்தத் தட்டை எடுத்து, துணியில் வடிகட்டி, கீழே போய்க் காரிலேயே ஊற்றிவிட்டு வருகிறார். அளவுக்கம்பியைப் பார்க்கும் மெக்கானிக் தலையைச் சொறிவதை விட்டுவிட்டார். புதிதாக வந்த உதவி மேலாளர், வாரம் ஒருமுறை, சொன்னபடி குனிந்து பார்க்கிறார். தரை சுத்தமாக இருக்கிறது.