தண்ணீர் நிரப்பாத டேங்கர்

விடியுமுன்பே தொப்பூர்க் கணவாய் அடிவாரத்துப் பட்டறையில் நாங்கள் ஆறு பேரும் வியர்த்துக்கொண்டிருந்தோம். கிரைண்டர் பொறி காலில் விழுந்து சுட்டது. இரும்புத்தூள் நாக்கில் கரித்தது. மேல்தகடு விரிசல் விட்ட பெட்ரோல் டேங்கருக்குள் கருப்பண்ணன் அண்ணன் தண்ணீர் ஓஸ் குழாயை விட்டிருந்தார். வெல்டிங் வைக்குமுன் டேங்கரின் மூன்று அறைகளிலும் கழுத்துவரை தண்ணீர் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய ஆவி தீப்பிடித்து வெடிக்கும். முப்பது வருஷமாக அவர் ஒரு நாளும் தவறவிடாத வேலை அது.

இரண்டு அறைகள் நிரம்பி, மூன்றாவதில் ஓஸை மாற்றியபோது முதலாளி பிரபாகர் வந்து மோட்டாரை நிறுத்தினார். பத்து மணிக்கு வண்டி லோடுக்குப் போயாக வேண்டுமாம். பெங்களூரில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து மனுசனுக்கு ஒரே உபதேசம். ‘வேலையைக் காதலி’ என்று சுவரில் பலகை வேறு. காதலிக்கிறவனுக்கு நேரமும் தெரியாதாம், பயமும் தெரியாதாம். சொன்ன மகராசன் எங்களுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித் தந்ததில்லை.

விரிசல் இரண்டாவது அறையின் மேல்தான். அண்ணன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நிரம்பிய சத்தம் கேட்டது. அது போதுமென்று நம்பி வெல்டிங் வைத்துவிட்டார். மூன்றாவது அறையின் மூடி திறந்தே கிடந்தது. பொறி அதற்குள் விழுந்தது.

கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. அண்ணன் பத்தடி தள்ளி விழுந்தார். சட்டையில் பற்றிய தீயை ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்தோம். இரண்டு கைகளிலும் தோல் உரிந்து தொங்கியது.

“மதி, வெரலு மடங்குதா பாரு” என்றார்.

மடங்கவில்லை. மடங்குதுண்ணா என்று பொய் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் தருமபுரிக்குப் போன புழுதிகூட அடங்கவில்லை. வெளியே நின்ற அடுத்த டேங்கரைக் காட்டி, அதை எடு என்றார் முதலாளி. தண்ணீர் நிரப்பினால்தான் தொடுவேன் என்றேன்.

“உனக்குத் தொழில் மேல ஆசையே இல்லடா.”

“ஆசைய நீங்களே வெச்சுக்கங்க. எங்களுக்கு வேலை தெரியும். தெரிஞ்சபடி செய்ய வுடுங்க.”

இரும்புக் குழாயால் தோளில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடியை ஓங்கியபோது கிரைண்டர் பிடிக்கும் ஆரோக்கியராஜ் குழாயைப் பிடித்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது, விடவில்லை. பெயின்ட் அடிக்கும் எழிலரசி மெயின் சுவிட்சை இறக்கினாள். அண்ணனின் வைத்தியத்துக்கும் குடும்பத்துக்கும் பொறுப்பேற்கும்வரை, தண்ணீர் நிரப்பித்தான் வேலை என்று எழுதித் தரும்வரை நகர்வதில்லையென்று ஐந்து பேரும் டேங்கருக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

முதலாளி போலீசுக்குப் போன் போட்டார். பாப்பாரப்பட்டிக்கும் போட்டு வேறு ஆள் கேட்டார். உச்சி வெயிலில் அங்கிருந்து மாதையன் என்ற வெல்டர் பைக்கில் வந்து இறங்கினான். எங்கள் வேலையைப் பிடுங்க வந்தவன் என்று நினைத்தேன். எங்களைத் தாண்டிப் போய் டேங்கர் மேல் ஏறி, மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

“தண்ணி நெரப்பலீங்களா?”

மாதையன் தரையில் கிடந்த கருகிய சட்டைத் துணியைப் பார்த்தான். என் தோளைப் பார்த்தான். இறங்கி வந்து, கையிலிருந்த வெல்டிங் முகமூடியைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

போலீஸ் ஜீப் பட்டறைக்குள் திரும்பியபோது நாங்கள் மறுபடி ஆறு பேர் இருந்தோம்.