மாப்பிள்ளையின் தோளில் நின்ற தளம்

பழைய உத்தரத்தை உருவி எடுத்த பிறகும் தங்கை வீட்டுப் பின்பக்கத்து மரத்தளம் விழவில்லை. முட்டுக் கொடுக்காமல் உருவியவர் அவளுடைய அண்ணன்தான்; தச்சர், தெருவில் அவருக்குப் 'பாத்துக்கலாம்' என்று பெயர். தளம் கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் இடுப்பு உயரத்தில் நின்றது. எல்லாம் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டு தச்சர் டீ குடிக்கப் போனார்.

மூன்றாம் நாள், தன் பேன்ட் எல்லாம் நீளமாகிவிட்டது என்றார் தங்கையின் கணவர். பேன்ட் நீளவில்லை. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிற அந்த அதிர்ந்து பேசாத மனிதர் தினம் இரண்டு விரற்கடை குறைந்துகொண்டிருந்தார். தளத்தில் யாராவது ஏறினால் தெருக்கோடி அலுவலகத்தில் அவர் நாற்காலி கிறீச்சிட்டது. தோள்கள் பலகை பலகையாகக் கன்றிப்போயின. பத்தே நாளில் கவுண்டருக்கு மேல் அவருடைய தலைமுடி மட்டும் தெரிந்தது. ஜனங்கள் அதனிடமே தபால்தலை வாங்கிப் போனார்கள்.

வலிக்கிறதா என்று தச்சர் கேட்கும்போதெல்லாம் "பரவால்ல மச்சான்" என்பதோடு சரி. தங்கை அப்படிப் பூசி மெழுகவில்லை.

"இப்படியே விட்டா அவரை ஆணி மாதிரி தரைக்குள்ள இறக்கிடுவ அண்ணா."

அன்றிலிருந்து தச்சருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணளவில் ஒரு தேக்கு உத்தரம் வாங்கி மாட்டினார். மதியத்துக்குள் அது வில்லாக வளைந்தது, மாப்பிள்ளை இன்னும் நாலு விரற்கடை இறங்கினார். பொறியாளர் ஒருவரைக் கேட்டதற்குத் தேக்கு பொதுவாகத் தாங்கும் என்றார். மரக்கடைக்காரர் பாரம் எவ்வளவு என்று கேட்டார். பதில் தெரியாத தச்சர் மாப்பிள்ளையையே கூட்டிப்போய்க் கடையின் எடைமேடையில் நிறுத்தினார். ஆயிரத்து நூற்றிருபது கிலோ காட்டியது. கடைக்காரர் ஆள் எடை அறுபதைக் கழித்தார், பாதுகாப்புக்கு இன்னொரு மடங்கு சேர்த்தார், இரண்டு மரங்களுக்கு நடுவே இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முடுக்கிய உத்தரத்தைக் காட்டினார். செருப்பையும் கழிக்க வேண்டுமா என்பது மட்டும்தான் அவருக்குச் சந்தேகம்.

இந்த முறை நாலு முட்டுக் கொடுத்து, மூன்று தடவை மட்டம் பார்த்து உத்தரத்தை ஏற்றினார் தச்சர். அது வளையவில்லை. மாப்பிள்ளை குறைவதும் நின்றது. ஆனால் இரண்டு மழைக்காலம் போயும் இழந்த உயரம் திரும்பவில்லை. அலுவலகத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தளத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிட்டு, தச்சர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பாரம் எல்லாம் இறங்கிவிட்டதா என்று கேட்டார். மாப்பிள்ளை வலது தோளைத் தடவினார்.

"பாதிதான் இறங்குச்சு மச்சான். மீதி என்னோடவே இருக்கும்போல, வலிக்கத்தான் செய்யுது. நீங்க உடம்பைக் கொஞ்சம் குறைங்க."