பச்சை மைக் கையெழுத்து

சீலும் கையெழுத்தும் இல்லாத எதையும் தாண்டவராயன் மதிக்கமாட்டார். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். எந்த ஆளுக்கு எந்த ஷிப்ட், எத்தனை ஓ.டி. என்று பதிய 2011-இல் அவருக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். விவரங்களைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், இலவசம். அந்தச் சொல்லை அவரிடம் போய்ச் சொன்னேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“சும்மா குடுக்கறானா? இன்னா மாரிராஜு, எக்ஸ்பைரி ஆன சரக்கா?”

“இல்ல அண்ணாச்சி. யாரும் தொழிலுக்கு வச்சிக்கிடலாம், துட்டு வேண்டாம்னு லைசென்ஸ்லயே எழுதிருக்கான். படிச்சுப் பாருங்க.”

நான் நீட்டிய ஒற்றைத் தாளை முன்னும் பின்னும் திருப்பினார், சீலைத் தேடினார். படிக்க மட்டும் செய்யவில்லை.

இந்த வேலையை நம்பித்தான் ஒரகடத்துக் கம்பெனியில் லைன் வேலையை விட்டிருந்தேன். பெரிய கம்பெனி ஒன்றின் ஆடிட்டில் சைட் தேறினால் இன்னும் மூன்று காண்ட்ராக்டர்கள் எனக்கு வேலை தருவார்கள். இல்லையென்றால் மறுபடி ஸ்க்ரூ முடுக்கப் போக வேண்டியதுதான்.

ஆடிட் அன்று காலை அவர் ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு போஸ்ட்கிரஸ் லைசென்ஸ் சான்றிதழ் தொங்கியது. பஸ் ஸ்டாண்டு டி.டி.பி. கடையில் அடித்தது. தங்க ஸ்டிக்கர், சந்தனம், குங்குமம். கீழே ஏதோ வெள்ளைக்காரன் பெயரில் பச்சை மைக் கையெழுத்து. அமெரிக்காவிலும் தாசில்தார்தான் கையெழுத்துப் போடுவார் என்று நினைப்பு.

“என்ன அண்ணாச்சி, பொய்யில்லா இது?”

“கம்னு கெட. லைசென்ஸ்னா பாக்கறவனுக்கு ஒரு பயம் வரணும்.”

கம்மென்று கிடந்தேன். மானங்கெட்டவனுக்கு வேலை முக்கியம் இல்லையா.

ஆடிட்டர் நம்பிராஜன் சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதுக்கு இப்படி சர்டிபிகேட்டே கிடையாதே. யார் குடுத்தது?”

தாண்டவராயன் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினார். “இந்தத் தம்பிதான் சார். நமக்கு கம்ப்யூட்டர் இன்னா தெரியும்.”

பையிலிருந்த அந்த லைசென்ஸ் தாளை அவசரமாக எடுத்து நீட்டினேன். நம்பிராஜன் முழுவதும் படித்தார்.

“இது போதுமே. இதைக் கையில வச்சுக்கிட்டா அதைப் போய்க் குடுத்தீங்க?”

சைட் தேறியது. ‘சைட் செய்தவர் போலி உரிமம் கொடுத்தார்’ என்று ரிப்போர்ட்டில் என் பெயர் ஏறியது. சும்மா கிடைப்பதற்குக் கள்ளக் கையெழுத்துப் போட்ட அறிவாளி என்று மூன்று காண்ட்ராக்டர்களும் சிரித்தார்கள். அதன்பின் என் போனை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் லைன் வேலை கேட்டுத் தாண்டவராயனிடமே போய் நின்றேன், வெட்கங்கெட்டு. ஆள் சேர்க்கும் மஞ்சுளா என் சைட்டைத் திறந்து என் பெயரை அடித்தாள். மண்ணூர் கம்பெனி பஸ், காலை ஷிப்ட் என்று வந்தது.

தாண்டவராயன் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். “சைட்டு சூப்பரா ஓடுதுபா. ஒரு கொறை சொல்ல முடியாது.”