பொன்மணிக்கு வந்த காய்ச்சல்

தாயில்பட்டியில் பொன்மணியின் உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லாத வாய் கிடையாது. பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாலே, "ரெண்டு ஆளு எடத்த விடுங்கப்பா" என்று சிரிப்பார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. "நகருங்க, மகாராணி உக்காரணும்" என்று அகலமாக உட்காருவாள்.

பன்றிக் காய்ச்சல் என்று பேப்பரும் டிவியும் அலறிய 2009 தீபாவளி சீசனில், ஏழு மாதக் கர்ப்பிணியான அவளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. மாமியார் ராக்காயி வாழைப்பழத்தையும் கருப்பட்டியையும் நீட்டினாள். பட்டாசு மருந்தின் தூசியை அது அடித்துக்கொண்டு போய்விடுமாம். அங்கே யார் இருமினாலும் இதே வைத்தியம்தான்.

"அத்தே, நான் மருந்தத் தொட்டே மூணு மாசமாச்சு. இது தூசி இல்ல."

"ஒடம்புல ஊறினது லேசுல போகுமா? தின்னு தாயி."

தின்று பார்த்தாள். மறுநாள் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு முட்டியது. வயிற்றில் பிள்ளையின் துள்ளலும் குறைந்திருந்தது. பொன்மணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. கணவன் செல்லச்சாமியை இழுத்துக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஒரு கிளினிக்கில் டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு வெயிட்ட வச்சுக்கிட்டு மூச்சு வாங்காம என்ன செய்யும்? சோத்தக் கொறைங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்த ஆளுக்கு மணியடித்தார்.

செல்லச்சாமி எழுந்துவிட்டான். பொன்மணி எழவில்லை.

"டாக்டரம்மா, இந்த ஒடம்பு சின்னப் புள்ளையில இருந்து எங்கூட இருக்கு. மூச்சுத்தெணறல் இன்னைக்கித்தான் வந்திருக்கு. புள்ளையும் சரியா அசையல. நெஞ்சுல குழாய வச்சுப் பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன். தூக்கிப் போடுறதுன்னா போடுங்க, நாலு ஆளு வேணும்."

டாக்டரம்மா குழாயை வைத்தார். விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். முகம் மாறிவிட்டது.

"உடனே மதுரைக்குப் போகணும். கனத்த உடம்பு, வயித்துல பிள்ளை. இப்படி இருக்கிறவங்களுக்கு இந்தப் பன்றிக் காய்ச்சல் ரொம்பப் பொல்லாதது."

"அப்ப மொதல்லயே பாத்திருக்க வேண்டியதுதானே" என்றாள் பொன்மணி, மூச்சு இரைக்க இரைக்க. டாக்டரம்மா 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

மதுரை ஆஸ்பத்திரியில் தனி வார்டு, ஆக்ஸிஜன், பிள்ளையை எடுக்க ஆபரேஷன். அவளுக்குக் காய்ச்சல் தெளிந்த பிறகுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளைப் பார்க்க விட்டார்கள். கைக்கு அடங்குகிற பிள்ளை. நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பொழச்சுக்கிட்டா. ஆனா எடை பத்தலம்மா. ஏறினாத்தான் வீட்டுக்கு விடுவாங்க."

பொன்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு குறையை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"அம்புட்டுத்தானே? எம்மகள எங்கையில குடுங்க. எடை ஏத்துறதுக்கு எனக்கு ஆரும் சொல்லித்தர வேணாம்."