அண்ணி கைப்பட எழுதியது

"என் பொண்ணு பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே. நீயெல்லாம் ஒரு அத்தையா?"

"மண்ணை அள்ளினது நீங்க, அண்ணி. நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன், அவ்வளவுதான்."

என் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே இடம் போதாது. அன்றைக்கு அதற்குள் ஒரு முழுச் சண்டை நடந்தது. நான் மெஷினை அணைத்துவிட்டேன். அது போடும் இரைச்சலில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

கத்தியவர் எதிர் வரிசையில் பியூட்டி பார்லர் வைத்திருந்த அண்ணி. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பதில் சொன்னவள் அவருடைய நாத்தனார், புருஷனின் தங்கை. வெயிலோ மழையோ வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள் என்பதால் அவளுக்குத் தெருவில் கையுறை என்றே பெயர். அந்தப் பெயரை வைத்ததே நான்தான் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம்.

கையுறை ஒன்பது வருஷம் அண்ணியின் பார்லரில் தலைக்குச் சாயம் பூசியவள். ரப்பர் கையுறை கேட்டால், "வெறுங்கையால தேய்ச்சாத்தான் கஸ்டமருக்கு சுகமா இருக்கும்" என்பார் அண்ணி. முதலில் விரலிடுக்கில் அரிப்பு. அப்புறம் கொப்புளம். அப்புறம் சட்டைப் பொத்தான் போடக்கூட முடியாமல் விரல் நுனியெல்லாம் வெடிப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இது சாயத்தால வந்தது, தொழிலாளர் காப்பீட்டுக்கு எழுதிப் போடுங்க" என்றார்.

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் முறை விசேஷமானது. நோய் வேலையால் வந்ததா என்று வேலை கொடுத்தவரைத்தான் கேட்பார்கள். திருடன் வீட்டுக் கதவைத் தட்டி, ஐயா நேற்று ராத்திரி நீங்கள்தானா என்று விசாரிப்பது மாதிரி. படிவத்தில் பதினோராவது கட்டத்தில் அண்ணி தன் கைப்பட எழுதினார்: 'இல்லை. இவருக்குப் பிறவியிலிருந்தே உள்ளது. இது இவர்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் தோல் நோய்.' கீழே கையெழுத்து, கடை முத்திரை.

நகல் எடுத்தவள் நான். படிக்காமல் நகல் எடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

கோப்பு அதோடு மூடப்பட்டது. ஒத்துக்கொண்டிருந்தால் வைத்தியமும் பார்த்து, தண்ணீர் படாத வேறு தொழிலும் கற்றுக்கொடுத்திருப்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வேலை என்று அவள் மனசுக்குள் முடிவுகூடச் செய்திருந்தாள். அண்ணி அத்தோடு விட்டாரா? வாடிக்கையாளர்களிடம் "ஒட்டிக்கும், அதான் நிறுத்திட்டேன்" என்று வேறு சொல்லி வைத்தார். அப்போது கையுறைக்கு ஓர் எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை ஏறக்குறைய நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்கு ஃபேஷியல் செய்துகொள்ள பார்லருக்குப் போனார். முகம் பளபளக்க வெளியே வந்தவர், "வம்சத்துலயே இருக்காமே" என்று என் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

கையுறை அழுததை யாரும் பார்க்கவில்லை. அந்த நகலில் ஒன்றை என்னிடம் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்தாள். ஆறு வருஷம் அது அங்கேயே இருந்தது.

அதற்குள் அண்ணியின் பெண் வெளிநாட்டுக்குப் போய் ஒரு முடி அலங்காரக் கடையில் சேர்ந்தாள். இரண்டே வருஷத்தில் அவள் கையும் அத்தை கை மாதிரி ஆயிற்று. ஆனால் அந்த நாட்டில் முதலாளியைக் கேட்பதில்லையாம். டாக்டரே அலுவலகத்துக்கு எழுதிப் போடுகிறார். ஓர் அதிகாரி கடைக்கே வந்து சாயப் புட்டிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போகிறார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகள் போட்டு, இரண்டு நாள் குளிக்காதே என்கிறார்கள். பிரித்துப் பார்த்தால், சாயம் வைத்த இடம் மட்டும் செக்கச்செவேல். மூன்று வாரம் தோல் ஆஸ்பத்திரியில் தங்க வைத்து வைத்தியம், பிறகு வேறு தொழில் பயிற்சி என்று எல்லாம் முடிவாகும் தறுவாயில் இருந்தது. கடைசியாக ஒரே ஒரு கேள்வி: ரத்த உறவில் யாருக்காவது தோல் நோய் உண்டா? உண்டென்றால் காகிதம் எங்கே?

பொய் சொல்லத் தெரியாத பெண். 'அத்தைக்கு' என்று எழுதிவிட்டு, காகிதம் கேட்டு அத்தைக்கே போன் செய்தாள்.

கையுறை அந்த உறையோடு என் கடைக்கு வந்தாள். "அக்கா, இதை ஸ்கேன் பண்ணி அவளுக்கு அனுப்பணும். சீல் தெளிவா விழணும்."

"உன் பக்கத்து விஷயமும் ரெண்டு வரி எழுதி அனுப்பேன்" என்றேன், சும்மா வாயைக் கிளறத்தான்.

"எதுக்கு? அண்ணி எழுதினதுல என்ன குறை?"

பத்து நாளில் பதில் வந்தது. தாயே குடும்ப நோய் என்று எழுதியிருப்பதால் கோப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. நான்கு வாரத்துக்குள் தக்க மறுப்பு வராவிட்டால் மூடப்படும். பெண் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்ய, அம்மா நாத்தனாரைத் தேடிக்கொண்டு என் கடைக்குள் நுழைந்தார். முதலில் சொன்ன சண்டை அதுதான்.

"ஏதோ கோவத்துல எழுதினது. அதைப் போய் அனுப்புவியா?" என்றார் அண்ணி.

"எங்க குடும்பம்னு எழுதினீங்களே, அந்தக் குடும்பத்துக்குத்தானே நீங்களும் பெத்துக் குடுத்தீங்க? எழுதும்போது அது தோணலையா?"

அண்ணியின் சுருதி இறங்கியது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. அப்படியெல்லாம் இல்லன்னு நீ ஒரு லெட்டர் குடு."

"நான் குடுத்தா செல்லாது. எழுதினவங்கதான் மாத்தி எழுதணும். கைப்பட. சீலோட."

"அவ உன் அண்ணன் பொண்ணுடி."

"அதனாலதான் இந்த நிபந்தனையோட விடறேன்."

யாரும் கேட்காமலேயே நான் தாளும் பேனாவும் எடுத்து வைத்தேன். ஒருவருக்கொருவர் உதவாமல் எப்படி?

அண்ணி கைப்பைக்கு அடியில் மறைத்து வைத்திருந்த வலது கையை வேறு வழியில்லாமல் வெளியே எடுத்தார். கையுறையை வேலையிலிருந்து நிறுத்திய பிறகு ஆறு வருஷமாக அவரேதான் சாயம் கலக்கிப் பூசிக்கொண்டிருந்தார். பேனாவைப் பிடித்ததும் கட்டைவிரல் வெடிப்பு திறந்துகொண்டது. தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

கையுறை குனிந்து பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன அண்ணி, எங்க குடும்ப நோய் உங்களுக்கு எப்படி வந்துச்சு? நீங்க எங்க ரத்தம் இல்லையே."

அண்ணி அந்தப் பொட்டை முந்தானையால் ஒற்றி எடுக்கப் பார்த்தார்.

"அதையும் எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல அண்ணி எழுதினார். முன்பு எழுதியது பொய். நாத்தனாருக்கு என் கடைச் சாயத்தால்தான் நோய் வந்தது. எனக்கும் அதே சாயத்தால் வந்திருக்கிறது. இது யாருக்கும் ஒட்டாது, வம்சத்திலும் வராது. முடித்ததும், "கறை பட்டிருக்கு, வேற தாள்ல எழுதறேன்" என்றார்.

"வேண்டாம். கறை இருக்கட்டும்" என்ற கையுறை என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நாப்பது காப்பி. கலர்ல."

"நாப்பது எதுக்கு?" அண்ணியின் முகம் வெளிறிவிட்டது.

"காப்பீட்டு ஆபீசுக்கு ஒண்ணு. எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு ஒண்ணு. மீதி உங்க கஸ்டமருங்களுக்கு."

"என் கடை என்ன ஆகும்?"

"என் கை ஆன மாதிரி ஆகும்."

அப்படியே ஆயிற்று. ஒட்டாது என்று அந்தக் காகிதமே சொன்னாலும், ஒட்டும் என்று அண்ணியே ஆறு வருஷம் பாடம் நடத்தியிருந்தாரே, அதைத்தான் வாடிக்கையாளர்கள் நம்பினார்கள். இரண்டு மாதத்தில் பார்லர் நாற்காலிகள் காலி. அண்ணி தனக்கும் காப்பீடு கேட்டு எழுதிப் போட்டார். முதலாளி தொழிலாளி ஆகமாட்டார் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்கும் நான்தான் நகல் எடுத்தேன்.

பெண்ணின் கோப்பு மறுபடி திறந்தது. தோல் ஆஸ்பத்திரியில் தங்கிய மூன்று வாரத்தில், மாவு பிசைந்தே கை புண்ணான ஒரு பேக்கரிக்காரனைச் சந்தித்து அவனையே கட்டிக்கொண்டாள். அண்ணியும் புருஷனும் பார்லரை மூடிவிட்டு அவர்களோடு போய்விட்டார்கள். அங்கே டாக்டரிடம் கையைக் காட்டினால், இது எங்கள் நாட்டில் செய்த வேலையால் வந்ததில்லை, காப்பீடு கிடையாது என்கிறார்களாம்.

எலக்ட்ரீஷியனின் அம்மா மறுபடி பெண் கேட்டுப் பழத்தட்டோடு கையுறை வீட்டுக்குப் போனார். "எங்க வம்சத்துல வழிவழியா வர்ற நோய் ஒண்ணு நிஜமாவே இருக்கு, எதையும் மறக்கமாட்டோம்" என்று கையுறை வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். அலுவலகம் அவளுக்கும் முதுகில் ஒட்டுப் போட்டுப் பார்த்து, பயிற்சி கொடுத்தது. இப்போது வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். கூட வேலை செய்யும் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாளாம். உறுதியாகத் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊரைவிட்டுப் போகும் முன் கையுறை, அண்ணன் பெண்ணின் கல்யாணப் போட்டோவைப் பிரிண்ட் போட என்னிடம் கொண்டுவந்தாள். படத்தின் ஓரத்தில் அண்ணி நின்றார், கையில் வெள்ளைப் பருத்திக் கையுறையோடு. எந்த அளவுக்குப் போடட்டும் என்று கேட்டேன்.

"பார்லர்ல ஆளுயரக் கண்ணாடி இருந்துதில்ல, அந்த அளவுக்கு" என்றாள்.