கெஸியா வழக்கில் ஒரு மயிர்ச் சாட்சி

ஓபதையா கிரிம்பிள் அடக்கமாகிச் சில வாரங்களில் அவருடைய தலைமுடி மனைவியின் மார்பில் வளரத் தொடங்கியது. செத்தவரின் முடியில் ஒரு கொத்தைக் கத்தரித்துப் பின்னி, கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பதக்கமாகக் குத்திக்கொள்வது ஸ்கெல்மார்ஷ் ஊரில் எல்லா விதவைகளும் செய்வதுதான். அவர் மனைவி கெஸியாவும் அப்படியே செய்தாள். முதலில் கண்ணாடி விளிம்பில் செம்பட்டை முடி இரண்டு மூன்று எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது விரல் நீளமானது. அவள் கத்தரித்து அடுப்பில் போட்டாள், மறுநாள் மறுபடி வளர்ந்தது. அந்த மாதம் கம்பளி விலை சரிந்திருந்ததால் ஆண்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். முடியைப் பற்றி ஜெபக்கூடத்தின் பின்வரிசைப் பெண்கள் மட்டும் பேசினார்கள்.

"மனுசனுக்குப் பொண்டாட்டிய விட்டுப் போக மனசில்ல போல," என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"உயிரோட இருந்தப்ப அவ பக்கத்துல உக்காந்தே நான் பாத்ததில்லயேடி," என்றாள் அடுத்தவள்.

கெட்ட காலம் முடியால் வரவில்லை, அதை எரித்த புகையால் வந்தது. அவள் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து பூண்டு வாடை அடித்தது. ஸ்கெல்மார்ஷில் யாரும் பூண்டு தின்பதில்லை. அது பிரெஞ்சுக்காரர்கள் தின்பது. முதலில் அவளை அதற்காகவே வெறுத்தார்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாழ வந்தவள், இத்தனை வருடத்திலும் பேச்சில் அந்த இழுப்பு போகாதவள், அப்படித்தான் தின்பாள் என்றார்கள். பிறகு ஒருநாள் டாக்டர் ப்ளென்கின் அந்தத் தெருவழியே போனார். வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் விஷம், நெருப்பில் பட்டால் பூண்டு வாடை வரும் என்று அவர் படித்திருந்தார். போலீசார் வந்து பதக்கத்தையும் கெஸியாவையும் கொண்டுபோனார்கள். ஓபதையா உண்ணி போக ஆடுகளைப் பாஷாணக் கரைசலில் முக்கியெடுக்கும் தொழில் செய்தவர், கொட்டகையில் டப்பா டப்பாவாகப் பாஷாணம் வைத்திருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். அவ்வளவு பாஷாணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க எந்த மனைவிதான் சும்மா இருப்பாள் என்று அதற்கும் ஒரு அர்த்தம் சொன்னார்கள்.

வழக்குக் கட்டு இன்றும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் எல்லோருடைய வாக்குமூலமும் உண்டு, கெஸியாவுடையது மட்டும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் சாட்சிக் கூண்டு ஏறக் கூடாது என்பது அன்றைய சட்டம். வக்கீல் இல்லாத கைதியாவது நின்ற இடத்திலிருந்து நான்கு வார்த்தை சொல்லலாம். கெஸியாவுக்கு இரக்கப்பட்டு ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்தார்கள், அதனால் அந்த நான்கு வார்த்தையும் போயிற்று. முடி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பதக்கத்தை நீதிமன்றப் பெட்டியில் பூட்டி வைத்து, வளர வளர வெட்டி ரசாயனப் பரிசோதகருக்கு அனுப்பினார்கள். ஓபதையா செத்த பிறகு வளர்ந்த முடி, கெஸியா சிறைக்குள் இருந்தபோது வளர்ந்த முடி, எல்லாவற்றிலும் பாஷாணம் குறையாமல் இருந்தது.

அவளுடைய வக்கீல் இதைக் கேட்டுக் குதித்து எழுந்தார். சிறையில் கிடப்பவள் எப்படிக் கொடுத்தாள் என்று கேட்டார். முடி வளர்கிறது என்றால் கணவர் உயிரோடு இருக்கிறார், அப்புறம் கொலை ஏது என்றார். கணவன் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே என்றும் சொன்னார். நீதிபதி ஒரு இரவு யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: சாவைப் பொறுத்தவரை ஓபதையா செத்தவர், முடி கணவர் ஆகாது, அது ஒரு பொருள், பொருளுக்கு மனைவி கிடையாது. அரசு வக்கீல், இந்தப் பெண்ணின் கை சிறைச் சுவரைத் தாண்டியும் நீள்கிறது, கனவான்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உண்மையில் ஓபதையா பாஷாணத்தைத் தானே தின்றார். வாலிப வயதிலிருந்தே, காலையில் கத்தி முனையில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வார். மூச்சு வாங்காது, கன்னம் சிவப்பாக இருக்கும் என்பார். அதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஒருத்தி கெஸியா. மற்றவள் அதே வீட்டில் இருந்த ஓபதையாவின் கல்யாணமாகாத தங்கை டோர்காஸ். கெஸியாவைக் காப்பாற்ற டோர்காஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வக்கீல் அவளைக் கூண்டில் ஏற்றி நேராகவே கேட்டார். அவள் வேதப்புத்தகத்தை முத்தமிட்டுவிட்டு, "எங்கண்ணன் சபை மூப்பர். டீக்கு மேல எதையும் தொடமாட்டார்," என்றாள். அவள் கண்ணைத் துடைத்ததை நிருபர்கள் எல்லோரும் எழுதினார்கள்.

முடிவு சொல்லும்வரை ஜூரிகளுக்குச் சோறும் நெருப்பும் கிடையாது. மார்ச் மாதம், எதிரே சத்திரத்தில் ஆட்டுக்கால் வாட்டும் வாசனை. குற்றவாளி என்று சொல்ல அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மரண தண்டனை சொல்ல நீதிபதி கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொள்ளும் முன், தண்டனை கூடாது என்பதற்கு ஏதாவது சொல்ல உண்டா என்று வழக்கப்படி கேட்டார்கள். கெஸியா, "ஐயா, அவரு காலைல எழுந்திரிச்சதும்..." என்று ஆரம்பித்தாள். சட்டத்தில் பிழை உண்டா என்றுதான் கேட்டோம், கதை கேட்கவில்லை என்று அவளை நிறுத்தினார்கள்.

பதக்கம் பொருள் என்று தீர்ப்பானதால் அது டோர்காஸிடம் போயிற்று. தூக்குக்கு முந்தின நாள் அதைக் குத்திக்கொண்டுதான் அவள் அண்ணியைப் பார்க்கச் சிறைக்கு வந்தாள். காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண் பிற்காலத்தில் சொன்னது இது. டோர்காஸின் மார்பிலிருந்து முடி மடிவரை தொங்கியது. கெஸியா அதைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, சிக்கை விரலால் எடுக்க ஆரம்பித்தாள்.

"டப்பா குறையுது அண்ணி," என்றாள் டோர்காஸ். "பூட்டித்தான் வச்சிருக்கேன். காலைல பாத்தா ஒரு சிட்டிகை காணும்."

"செத்தும் பழக்கம் விடல அந்த மனுசனுக்கு. தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவே?"

"புதுசா ஒண்ணு வாங்கி வச்சிட்டேன்."

கெஸியா சிரித்தாளாம். காவல் பெண் அதைத்தான் இரண்டு முறை சொன்னாள். "நல்ல தங்கச்சிடி நீ. இன்னும் நேரமிருக்கு டோர்காஸ். பாதிரியார் வெளியேதான் நிக்கிறாரு. போய்ச் சொல்லிடேன்."

"சொன்னா, தானே தின்னு செத்தாருன்னு ஆயிடும். அண்ணனைத் தோண்டி எடுத்து, ஜெபம் இல்லாம, இருட்டுல ஒரு மூலையில போட்டுப் புதைப்பாங்க. மூப்பர் அண்ணி அவரு."

"எனக்கு மட்டும் ஜெபமா வச்சிருக்காங்க? சிறைக்குள்ளேயே குழி. மேல சுண்ணாம்பு."

டோர்காஸ் இதற்குப் பதில் யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள். "நீங்க அசலூர்தானே அண்ணி."

கெஸியா கையை நிறுத்தவில்லை. முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னி முடித்து, நுனியில் கட்ட ஏதாவது இருக்கிறதா என்று காவல் பெண்ணைக் கேட்டாள். கைதியிடம் நூல் கொடுக்கக் கூடாது. பின்னலை டோர்காஸ் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சந்தை நாள். இஞ்சி ரொட்டி நன்றாக விற்றது. கெஸியா மனம் வருந்திக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு பாட்டை அச்சடித்துக் கொண்டுவந்து, அவள் தூக்குமேடைப் படி ஏறும் முன்பே விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் மேடையில் நின்று வாயைத் திறந்தாள். அந்த நேரம் பாதிரியார் ஜெபத்தை உரக்கத் தொடங்கியதால் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. உடுப்பைத் தூக்குப் போட்டவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு வருடங்கள் போயின. ஸ்கெல்மார்ஷுக்கு ரயில் வந்தது, ஜெபக்கூடத்துக்கு ஆர்கன் வந்தது. டோர்காஸ் பதக்கத்தைக் கழற்றவே இல்லை. ஓபதையா உயிரோடு இருந்தால் எப்போது நரைத்திருப்பாரோ அப்போது முடி நரைத்தது, பிறகு வெளுத்தது. வெட்டிய துணுக்குகளை விவசாயிகள் எலி வளையில் போட வாங்கிப் போனார்கள். மருந்துக் கடையில் பாஷாணம் வாங்கினால் கையெழுத்து வைக்க வேண்டும், முடிக்கு அப்படி ஒன்றும் இல்லை.

கெஸியா செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு சட்டம் மாறியது. குற்றம் சாட்டப்பட்டவர் இனி தன் வாயால் சாட்சி சொல்லலாம் என்றார்கள். ஸ்கெல்மார்ஷ் நீதிமன்றத்தில் அப்படி முதலில் கூண்டேறியவன் ஜேபெஸ் ட்ரூரி என்ற வாத்துத் திருடன், தாடிக்காரன், ஆறடி ஆள். ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. டோர்காஸும் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து வெள்ளைப் பின்னலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ட்ரூரி வேதப்புத்தகத்தை முத்தமிட்டு வாயைத் திறந்தான். ஒரு பெண்ணின் குரல் வந்தது, அக்கரை இழுப்போடு.

"எம் பேரு கெஸியா. எம் புருசன் அதைத் தானே தின்னாரு. நான் பாத்திருக்கேன்."

"வாத்தைப் பத்திச் சொல்லுப்பா," என்றார் நீதிபதி.

குரல் நிற்கவில்லை. கத்தி முனை, சிட்டிகை, சிவந்த கன்னம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னது. ட்ரூரி தன் வாயையே பயத்தோடு பார்க்க முயன்றுகொண்டிருந்தான். வேறு யாராவது இதைப் பார்த்தார்களா என்று நீதிபதி கேட்டார்; நல்ல மனிதர், ஊருக்குப் புதியவர்.

"மேல உக்காந்திருக்காளே, அவளும் பாத்தா."

எல்லோரும் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

டோர்காஸ் எழுந்தாள். பின்னலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "குளிருதுங்கய்யா," என்றாள். "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொல்லுங்க."

ஜன்னலைச் சாத்தினார்கள். ட்ரூரிக்கு வாத்துக்காக ஆறு மாதம் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தக் கூண்டில் ஏறும் எந்தக் கைதியும், ஆணோ பெண்ணோ, முதலில் கெஸியாவின் சாட்சியைச் சொல்லி முடித்த பிறகே தன் சாட்சியைச் சொல்ல முடிகிறது. வழக்குக்குச் சம்பந்தமில்லாததால் அதை எழுதிக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் வக்கீல்கள் பேனாவுக்கு மை நிரப்புவார்கள், ஜூரிகள் இருமிக்கொள்வார்கள். புதிதாக வேலைக்கு வரும் சேவகருக்கு, அடுப்புக்கரி எந்த அறையில் இருக்கிறது என்று காட்டும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள்.