நீர் கோத்த கால்கள்

மருத்துவக் கல்லூரியில் மற்றவர்கள் பாடம் எடுத்தால் கொட்டாவி விடும் பிள்ளைகள், நோயியல் பேராசிரியர் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். அன்று வீக்கத்தைப் பற்றிப் பாடம்.

“கணுக்காலுக்கு மேல விரலை வெச்சு அழுத்துங்க. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்னா, உள்ள நீர் கோத்திருக்கு. இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாம திணறுதான்னு பாக்கணும். ‘எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கறீங்க’ன்னு கேளுங்க. நுரையீரல்லயும் நீர் கோத்துட்டா மல்லாந்து படுக்க முடியாது.”

மாலை பேராசிரியர் வீடு திரும்பியபோது மனைவி கூடத்து நாற்காலியில் சாய்ந்து கண் மூடியிருந்தாள். காலில் அவருடைய செருப்பு.

“மறுபடியும் என் செருப்பா? ராத்திரி முழுக்க டிவி முன்னாடி உக்காந்துட்டு, இப்ப தூக்கமா?”

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது, கூடவே நுரையும். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்போதுதான் அவர் மனைவியை முழுசாகப் பார்த்தார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அவரிடம் படித்தவள். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சு ஓரளவு அடங்கியதும் கேட்டாள்.

“கால் வீக்கம் எப்போலேருந்து சார்?”

“தெரியலைம்மா.”

“எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கறாங்க?”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். மனைவிதான் முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னாள்.

“படுக்கறதே இல்லம்மா. படுத்தா மூச்சு முட்டுது, நாற்காலியிலதான். என் செருப்பு ஒண்ணும் கால்ல நுழையலை.”

“நெஞ்சு வலி வந்துச்சா?”

“மழைக்காலத்துல ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சு அழுத்துச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. இவர்கிட்ட சொன்னேன், வாயுன்னு மாத்திரை குடுத்தாரு.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

டாக்டர் அவரைத் தனியே அழைத்தாள். “அன்னிக்கு வந்தது மாரடைப்பு சார். ரத்தம் கிடைக்காம இதயத் தசை கொஞ்சம் செத்திருக்கு. அது திரும்பாது. மிச்சத்தை மருந்தால காப்பாத்தலாம். இப்ப உயிருக்குப் பயமில்ல.” பிறகு ஆறுதலாக, “இதெல்லாம் கேக்கணும்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான் சார்” என்றாள்.

அவருக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. உள்ளே போய், கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்திருந்த மனைவியின் எதிரே தரையில் குந்தினார். வீங்கிய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, எந்திரிங்க. டாக்டர் பொண்ணு பாக்குது” என்று காலை இழுத்தாள் அவள்.

“பாக்கட்டும்.” தலையை நிமிர்த்தாமலே, பின்னால் வந்து நின்ற டாக்டரிடம் அவர் சொன்னார்: “யார் யார்கிட்டயோ கேக்கச் சொன்னேன்ம்மா, என் வீட்டுல கேக்கலை. வீட்டுப் பொம்பளை ‘முடியலை’ன்னு சொன்னா சாக்கு சொல்றான்னு நெனைக்கிறோமே, அதுதான் முதல் வியாதி. அவங்களையும் கேக்கணும். சொன்னா நம்பணும்.”